பெரிய வெள்ளியன்று மணி

எங்கள் மாதா கோயில் மணிக்கு நல்ல குரல், சாமி. இழுத்தால் குத்தாலம் ரோடு வரைக்கும் கேட்கும். அதன் அச்சுக்கு எண்ணெய் போடுவதும் நான்தான். உபதேசியார் என்றால் செபம் சொல்வதோடு வேலை முடிந்துவிடுமா?

தங்கையன் செத்ததைப் பற்றிக் கேட்கத்தான் பங்குச் சாமியார் நீங்களே வந்திருக்கிறீர்கள். மறைக்க ஒன்றுமில்லை.

அவன் குடிசை பண்ணையார் பஞ்சநதத்தின் இடத்தில் இருந்தது. குடியிருப்பவனுக்கே மனை சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்ட பிறகு, அவனைக் கிளப்பப் பண்ணையார் ஆள் விட்டார். ஆள் வந்தால் நான் மணியடிப்பது, வயலில் இருக்கிற சனம் ஓடிவருவது என்று தெருவில் பேசி வைத்திருந்தோம். இரண்டு தடவை அடித்தேன். வந்தவர்கள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள்.

ஆனால் தங்கையன் ஒழுங்கானவன் என்று சொல்லமாட்டேன். ராஜாத்தியைக் கோயிலில் கைப்பிடிக்காமலே கூட வைத்திருந்தான். தவக்காலத்தில் இருவரையும் வாசலுக்கு வெளியே முழங்காலிடச் சொன்னேன். அவள் முழங்காலிட்டாள். அவன் சிரித்தான்.

"மொதல்ல ஒங்க கண்ணுல கெடக்குற உத்திரத்தப் பாருங்க உபதேசியாரே. எங்க துரும்ப அப்பறம் எடுக்கலாம். நீங்க வாசிச்சதுதானே?" என்றான், சனத்தின் முன்னால்.

எனக்குக் கோபமில்லை. வேதம் யார் வாயில் வந்தாலும் வேதம்தான். அன்றிலிருந்து தினமும் படுக்குமுன் ஆத்தும சோதனை செய்துகொண்டேன். என்னிடம் ஒன்றும் தென்படவில்லை.

பெரிய வெள்ளியன்று தெருவே உளுந்து பிடுங்கப் போயிருந்தது. விட்டால் வெயிலில் நெற்று வெடித்துவிடும் என்று அதற்கொரு சாக்கு. மத்தியானம் ராஜாத்தி ஓடிவந்தாள்.

"வாய்க்கா கரையில ஆளுங்க வர்றாங்க. கையில அரிவா இருக்கு. அவரு வீட்டுல தனியா இருக்காரு. மணியடிங்க."

பெரிய வியாழன் பூசையிலிருந்து ஈஸ்டர் ராத்திரிப் பாஸ்கா வரை மணி ஒலிக்கக் கூடாது, மரக்கட்டைதான் தட்ட வேண்டும். உங்களுக்குத் தெரியாததா? அவளுக்கும் பொறுமையாக அதைத்தான் சொன்னேன். அவள் கயிற்றைப் பிடிக்கப் பாய்ந்தாள். மணிக்கூண்டுக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அப்போது அவன் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது உண்மை.

பிறகு வாசலில் நின்று மரக்கட்டையைத் தட்டினேன். கை வலிக்கும்வரை தட்டினேன். அது பக்கத்துத் தெருவுக்கே எட்டாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே.

ராஜாத்தி வயலுக்கு ஓடி ஆட்களைக் கூட்டிவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவன் கத்தியது எனக்கு நன்றாகக் கேட்டது. கொஞ்ச நேரம்தான்.

பாஸ்காவுக்கு மணியை இழுத்தேன். மணி கேட்டது என்கிறது சனம். என் காதில் கட்டைச் சத்தம்தான் விழுந்தது. இன்றைக்கும் அப்படித்தான். கண்ணை மூடினால் யாரோ தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பயமாக இருக்கிறது, சாமி. அதற்கு ஏதாவது செபம் இருந்தால் சொல்லுங்கள்.

ராஜாத்தி இன்னொன்றும் சொல்லியிருப்பாள். போன வருடப் பெரிய வெள்ளியன்று என் வைக்கோல்போர் தீப்பிடித்தபோது நான் மணியடித்தேன் என்று. அடித்தேன். முதல் ஆளாகத் தண்ணீரோடு ஓடிவந்தவன் தங்கையன்தான்.

அது வேறு, சாமி. எரிந்தது என் வைக்கோல்.