பியானோ நிண்ட இடம்

நவமணி: ...பிறகு? ஏன் நிப்பாட்டிப்போட்டியள்? சொல்லுங்கோவன்.

கனகரட்ணம்: பொறும் நவமணி. பனி கொட்டுது... ஆறு முழுக்க வெள்ளை. எங்கடை கொழும்புத்துறைக் கடல் அப்பிடியே உறைஞ்சு கிடக்கிறமாதிரி நினைச்சுப் பாரும்.

நவமணி: உறைஞ்சால் மத்தியானக் கறிக்கு மீன்?

கனகரட்ணம்: உமக்கு மீன்! கண் ஒப்பரேசன் செய்த ஆள், டொக்டர் சொன்னமாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு கேளும். ரீவியிலை போற ரஷ்யப் படத்தை நான் சொல்லுறன்.

நவமணி: கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரீவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டெல்லோ இருக்கிறன்... மொஸ்கோவிலை படிச்ச மனுசன் பக்கத்திலை இருக்கேக்கை எனக்கென்ன குறை? சரி, படத்திலை அந்தப் பெட்டை வேரா இப்ப என்ன செய்யிறாள்?

கனகரட்ணம்: ஆத்தங்கரை வீட்டிலை இருந்து பியானோ வாசிக்கிறாள். அவளின்ரை காதலன் கப்பலேறிப் போயிட்டான். ஐஸ் உருக வாறனெண்டு சொல்லிப்போட்டு...

நவமணி: ஓம், கேக்குது... என்ன வடிவு! வயலின் கூப்பிடுது, பியானோ மறுமொழி சொல்லுது. சேர்ச்சிலை எவ்வளவு காலம் வாசிச்சன்... இப்பிடி ஒண்டு என்ரை கைக்கு வரேல்லையே.

கனகரட்ணம்: ரஷ்யாக்காரர் துக்கத்தையும் தாலாட்டுமாதிரித்தான்...

நவமணி: ஸ்ஸ்... கதையாதேங்கோ. அப்பிடியே மிதக்கிறமாதிரி இருக்கு...

கனகரட்ணம்: நித்திரையோ?

நவமணி: இல்லை... இஞ்சருங்கோ, பியானோ ஏன் நிண்டிட்டுது?

கனகரட்ணம்: அது... அவன் வந்திட்டான். ஓடிப்போய்க் கையைப் பிடிக்கிறாள். சிரிக்கிறாள்.

நவமணி: சிரிக்கிறாளோ?

கனகரட்ணம்: ஓம், ஓம். படம் முடிஞ்சுது. தேத்தண்ணி போடட்டே?

நவமணி: இருங்கோ. வயலின் தனியக் கூப்பிட்டுக்கொண்டு நிக்குது, மறுமொழி இல்லை... அவள் செத்துப்போனாள், என்ன?

கனகரட்ணம்: தேத்தண்ணிக்குச் சீனி போடட்டே?

நவமணி: அவன் வரேல்லை.

கனகரட்ணம்: கண் சுகமில்லாத ஆளுக்குச் சாவைச் சொல்லுவானேன் எண்டுதான்...

நவமணி: எனக்காகவோ மாத்தினியள், உங்களுக்காகவோ?

கனகரட்ணம்: உதென்ன கேள்வி?

நவமணி: கண்ணாடிக்குள்ளை என்ரை கண் திறந்துதான் கிடந்தது. ரீவியைப் பாக்கேல்லை, உங்களைத்தான் பாத்தனான். சிரிக்கிறாள் எண்டதை அழுதுகொண்டெல்லோ சொன்னியள்.

கனகரட்ணம்: நவமணி... மொஸ்கோவிலை ஒருத்தி இருந்தவள். லிடியா. இந்தப் படத்தை அவளோடைதான் முதல் பாத்தனான். தங்கச்சியின்ரை கலியாணம் முடியத் திரும்பி வாறனெண்டு சொல்லிப்போட்டுத்தான் வந்தன். வந்தால், மாத்துச் சம்மந்தம்... உம்மடை அண்ணை தங்கச்சியைக் கட்டுறதெண்டால் நான் உம்மைக் கட்டவேணுமெண்டு உம்மடை வீட்டார் பிடிவாதமாய் நிண்டவை. என்ன செய்ய... உமக்கு ஒருநாளும் சொல்லேல்லை.

நவமணி: சொல்லவேண்டியதில்லை. பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு எங்கடை கிணத்தடியிலை கை கழுவிக்கொண்டு உந்த மெட்டைத்தான் முணுமுணுத்தனியள். ஆரையோ விட்டிட்டு வந்த ஆளெண்டு அப்பவே விளங்கீட்டுது. ஒருத்தியை இப்பிடி நினைக்கத் தெரிஞ்ச மனுசன் என்னையும் ஒருநாள் நினைக்கும் எண்டுதான் ஓமெண்டனான்... இன்னும் காத்துக்கொண்டிருக்கிறன்.