நான்காவது எண்

வியர்வை கசியும் கையில் பிளாஸ்திரி நிற்காது. திருவண்ணாமலை வெயிலில் இதுதான் எங்களுக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. தினமும் யாராவது ஒருவர் கழன்று விழுந்த கருவியைத் தூக்கிக்கொண்டு, மலை சுற்றும் பாதையில் அடி அண்ணாமலையில் இருந்த எங்கள் ஆய்வு அறைக்கு வந்துவிடுவார்கள்.

கருவி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை. அதன் நுனி மேல்கையின் தோலுக்கு அடியில் இருக்கும். ஒளி உள்ளே போய்த் திரும்பும். திரும்பும் ஒளியில் உள்ள மாற்றத்தை வைத்து, உடம்பில் எவ்வளவு சர்க்கரை என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை செல்போனில் எண் வரும். அவர்கள் போனிலும் வரும், என் போனிலும் வரும். ஆறு வருடம் அதற்காக உழைத்தேன்.

சர்க்கரை கூடும்போது அது சரியாகக் காட்டியது. மிகவும் குறையும்போதும் சரியாகக் காட்டும் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. கருவி மாட்டியிருந்த முப்பத்தொரு பேரில் ஒருவருக்கும் அதுவரை எழுபதுக்குக் கீழே இறங்கவில்லை. வேண்டுமென்றே இறக்கிப் பார்க்க விதி இடம் தராது. நானும் இறக்கவில்லை.

கீழ்பென்னாத்தூர் சரசு அம்மாள் பௌர்ணமிதோறும் விரதமிருந்து மலை சுற்றுவார். மகள் நந்தினிக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று வேண்டுதல். ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் விடமாட்டார். "மாத்திரை மருந்துதானே சார், அதுல எங்க விரதம் கெட்டுச்சு" என்பார். போன மாதம்தான் டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தார். வெறும் வயிற்றில் அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பௌர்ணமியன்று காலை எட்டரைக்கு ரமணாசிரமத்துக்கு எதிரே நின்று என்னைப் போனில் கூப்பிட்டார்.

"சார், அறுபத்தெட்டுனு காட்டுது. எனக்கு எப்பவும் இருநூறுக்கு மேலதானே. கம்மி ஆயிடுச்சு பாத்தீங்களா. அண்ணாமலையாரே இறக்கி உட்டுட்டாரு. இனிமே உங்க ஒயருக்கு வேலை இல்ல."

எங்கள் பக்கத்தில் சர்க்கரை ஜாஸ்தி என்றால் நோய், கம்மி என்றால் நல்ல சேதி. கம்மியாலும் ஆள் சாகலாம் என்று யாரும் நினைப்பதில்லை. அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் நான் இருந்தேன்.

"கம்மினா நல்லதுதானேம்மா. நடங்க" என்றேன்.

பத்து மணிக்கு அம்மாவும் மகளும் எங்கள் அறை வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். சரசு அம்மாளின் ரவிக்கை நனைந்து ஒட்டியிருந்தது.

"வழியெல்லாம் தள்ளாடிக்கினே வருது சார். என்னையே யாருன்னு கேக்குது" என்றாள் நந்தினி. "எதிர்ல இளநீர் இருக்கு, வாங்கியாரட்டா?"

"விரதமாச்சே. இவ்ளோ தூரம் வந்துட்டு முறிக்கணுமா? கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

அம்மாவின் பிடிவாதம் அவளுக்குத் தெரியும். உட்கார்ந்துவிட்டாள்.

சரசு அம்மாளின் விரலில் குத்தி ஒரு துளி ரத்தம் எடுத்துச் சோதித்தேன். கருவியில் நாற்பத்தொன்று, ரத்தத்தில் நாற்பத்திரண்டு. ஒரு எண் ஒத்துப்போவது தற்செயலாக இருக்கலாம். அடுத்த எண்ணுக்குக் காத்திருந்தேன். முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு. மறுபடியும் காத்திருந்தேன். முப்பத்துநான்கு, முப்பத்தைந்து. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அந்தப் பத்து நிமிடம் எனக்குக் கஷ்டமாக இல்லை. அவர் புடவைத் தலைப்பை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். "சார் பாத்துக்குவாரு" என்று மகளிடம் குழறியதாகக் காதில் விழுந்தது. வேறு ஏதாவதாகவும் இருக்கலாம்.

பிறகு வலிப்பு வந்தது. பௌர்ணமிக் கூட்டத்தைக் கடந்து ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் ஆனது. மூன்றாம் நாள் இறந்துபோனார்.

கருவி எண்ணைத் தவறாகக் காட்டியதால் நேர்ந்த விபத்து என்று நீங்கள் விசாரணை அறிக்கையை முடிக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். அப்படி முடித்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. நந்தினிகூட என்னைக் குற்றம் சொல்லவில்லை. "மிஷின் ஏமாத்திடுச்சு" என்றுதான் அழுகிறாள். அது நியாயமில்லை. அதனால்தான் நானே வந்தேன். கருவி ஒருமுறைகூடத் தவறவில்லை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வலிப்பு வந்தபோதும் அது பையில்தான் இருந்தது. பிரிக்கவில்லை. பிரித்திருந்தால் நான்காவது எண் கெட்டுப்போயிருக்கும்.