போய்ச் சேராத உத்தரவு

எனக்குக் குரல் நன்றாக இருக்கும், ஐயா. அதனால்தான் கையிலிருந்த துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வயர்லெஸ் முன்னால் உட்காரவைத்தார்கள். பள்ளிக்கூடத்தின் நிலவறையில், உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவே என் மேஜை. மேலிடம் சொல்வதை, நகரத்துக்குள் சண்டை போடும் நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ரயில் நிலையத்தில் முப்பத்தெட்டு பேர் இருந்தார்கள். பார்சல் மூட்டைகளை அடுக்கிவைத்துக்கொண்டு பதினோரு நாளாக எதிரியைத் தடுத்தார்கள். அவர்களுடைய வயர்லெஸ்காரன் என் மனைவியின் தம்பி.

பன்னிரண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்கு உத்தரவு வந்தது. நிலையத்தைக் கைவிட்டு உடனே பின்வாங்க வேண்டும். நிலையத்துக்கு அடுத்த தெருவில்தான் என் வீடு; நம் ஆட்கள் விலகினால் எதிரி நேரே அங்கேதான் வருவான். மூன்றாம் மாடியில் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். ஆற்றைக் கடந்து தப்பிக்கப் படகுத்துறையில் கூட்டம், அவர்கள் முறை மதியம்தான் வரும். அதுவரை பொறுக்கலாம் என்று தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

மைத்துனன் கூப்பிட்டான்.

“அத்தான், ஏதாவது சேதி வந்துச்சா? தோட்டா தீந்துக்கிட்டே வருது.”

“இல்ல மாப்ளே. வந்தா உங்கிட்ட சொல்லாம யாருகிட்ட சொல்லப்போறேன்?”

“அதுவும் சரிதான்” என்று சிரித்தான். “அக்கா பின்னுன ஸ்வெட்டர் கிழிஞ்சுபோச்சு. திட்டாம பாத்துக்குங்க.”

இரண்டு மணிக்கு மனைவியும் குழந்தையும் ஆற்றைக் கடந்துவிட்டதாகத் தகவல் வந்தது. மனசு லேசானது. ரொட்டி தின்றேன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நியாயமான கேள்வி. பின்வாங்கும் வழி அப்போதும் திறந்துதான் இருந்தது. ஆனால் உத்தரவு எத்தனை மணிக்கு வந்தது என்று யாராவது கேட்பார்கள். ஐந்து மணி நேரத் தாமதத்துக்கு நான் என்ன பதில் சொல்வது? நிலையத்தில் இருப்பவர்கள் திரும்பி வந்தால்தானே அந்தக் கேள்வி வரும். மேலிடம் விசாரித்தபோது, நிலையத்திலிருந்து பதிலே இல்லை என்றேன்.

மறுநாள் மதியம்வரை தாக்குப்பிடித்தார்கள். அவன் கடைசியாகப் பேசியபோது நாலு பேர் மிச்சம்.

“எங்கள மறந்துட்டாங்களா, அத்தான்?”

“யாரும் மறக்கல. தைரியமா இரு.”

சரி என்றான். பிறகு இரைச்சல் மட்டும் கேட்டது.

உத்தரவு வராமல் தன் தம்பி ஓர் அடி நகரமாட்டான் என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

முப்பத்தெட்டு பேரையும் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், ஐயா, தாங்கமாட்டாள். எனக்கு எப்போதும் குடும்பம்தான் பெரிது.