மேல்நீர்க் காவல்

நான் போடும் காப்பியில் சீனி எப்போதும் ஒரு கரண்டி கூடுதலாகத்தான் விழும், லோகா. உன் அப்பா பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் அந்த இனிப்புக்கே பழகிப்போனான். பிடிக்கவில்லை என்றால் வைத்துவிடு. ஜன்னல் மூடியே இருக்கட்டும். திறந்தால் மோனோரயில் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்த வேண்டியிருக்கும்.

நீ கேட்டது நியாயமான கேள்விதான். அப்பாவின் கருமாதி முடியும்வரை பொறுத்திருந்து கேட்டாயே, அது உன் அம்மா உஷாராணியின் குணம். போலீசில் சார்ஜன் விசாரித்தபோது, ஆற்றின் இரைச்சலில் விசில் யாருக்கும் கேட்டிருக்காது என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. நீ மட்டும்தான் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், "விசில் ஊதினீங்களா, அங்கிள்?" என்று கேட்டாய்.

ஊதவில்லை. என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன். உட்கார்ந்து கேள்.

எங்கள் கழகத்தைப் பற்றி உனக்கு அதிகம் தெரிந்திருக்காது. பெர்த்திலிருந்து நீ போன் பேசும்போது அப்பா சொன்னதை வைத்து, ஓய்வு பெற்ற நாலு பேர் கூடி மீன் பிடிக்கிறார்கள் என்று நினைத்திருப்பாய். அது தப்பில்லை. ஆனால் ஃப்ளை ஃபிஷிங் கொஞ்சம் வேறு மாதிரி. புழு கிடையாது, ஈயக்குண்டு கிடையாது. கொக்கியில் கோழி இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி மாதிரி கட்டி, அதைத் தண்ணீரின் மேல் நோகாமல் இறக்க வேண்டும். பூச்சிக்குக் கனமே இல்லை. கயிற்றின் கனம்தான் அதை இழுத்துக்கொண்டு போகும். கயிறு தலைக்குப் பின்னால் முழுதாக விரியும்வரை ஒரு கணம் பொறுத்து, பிறகுதான் முன்னால் வீச வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு அந்தப் பொறுமைதான் வருவதில்லை.

சனிக்கிழமை காலைகளில் பிரிக்பீல்ட்ஸ் திடலில் பயிற்சி. தண்ணீரே இல்லாத புல்லில் தூண்டில் வீசுகிற எங்களைப் பார்த்து, பூக்கடைக்குப் போகிற பெண்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். மாதத்தில் ஒரு நாள் கிள்ளானில் மார்க்கிரட் வீட்டில் பூச்சி கட்டுவோம். அவள் ஓய்வு பெற்ற ஆசிரியை, அவள் கட்டும் பூச்சி பறந்துவிடும் போல இருக்கும். பூச்சோங்கில் கிஷன் என்று ஒரு பையன், கம்ப்யூட்டர் வேலை, அவன் வீட்டுக்கு அருகில் இருக்கும் பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் சில ஞாயிறுகள். மற்ற ஞாயிறுகளில் கோலகுபு பாருவுக்கு மேலே மலையாறு. பிடித்த மீனைத் தண்ணீருக்குள் வைத்தே கொக்கியைக் கழற்றி விட்டுவிடுவோம். அது கழகத்தின் விதி.

இன்னொரு விதியும் உண்டு. ஆற்றில் யார் இறங்கினாலும், ஒருவர் மேலே வளைவில் இருக்கும் பாறையில் விசிலோடு உட்கார வேண்டும். நாம் நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கும், மலை உச்சியில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தண்ணீர் முழுவதும் சேர்ந்து சுவர் போல ஒரே வேகத்தில் இறங்கி வரும். மலாய்க்காரர்கள் அதை கெப்பாலா ஆயேர் என்பார்கள், தண்ணீரின் தலை. அது வருவதற்கு முன்னால் ஆறு கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். தெளிந்த நீர் தேத்தண்ணி நிறத்துக்கு மாறும். இலையும் சுள்ளியும் மிதந்து வரும். பச்சை மண் வாசனை வரும். அதைப் பார்த்தவுடன் விசில் ஊதினால், கரை ஏறப் போதுமான நேரம் இருக்கும். இந்த விதியைக் கொண்டுவந்தவன் நான். உன் அப்பா கழகத்தில் சேர்ந்த பிறகுதான் கொண்டுவந்தேன், அவனுக்காகவே.

உன் அம்மா இறந்துபோன வருடத்தில் அவன் எப்படி இருந்தான் என்று உனக்குத் தெரியாது. நீ வந்தாய், காரியங்களைச் செய்தாய், லீவு முடிந்து போனாய். குற்றமாகச் சொல்லவில்லை, வேலை அப்படி. ஆனால் அதற்குப் பிறகு சுங்கை வே வீட்டில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தவனுக்குக் கதவைத் தட்டியது நான். மத்தியானச் சாப்பாட்டைக் கடையில் தாப்பாவ் கட்டி வாங்கிக்கொண்டு தினமும் போவேன். பொட்டலத்தைப் பிரித்து, குழம்பை ஊற்றி, கையில் கரண்டியைக் கொடுப்பேன். "பசிக்கல லா, நேசா" என்பான். "எனக்குப் பசிக்குது, நீ கூட உக்காரு" என்பேன். ஒருநாள் மேசையில் தூக்க மாத்திரை நிறைய இருந்தது. எடுத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அவனைக் காரில் ஏற்றித் திடலுக்குக் கூட்டிப் போனேன். கையில் தூண்டில் ராடைக் கொடுத்து, பின்னால் நின்று அவன் மணிக்கட்டைப் பிடித்து வீசக் கற்றுக்கொடுத்தேன். கயிறு அவன் காதைச் சுற்றிக்கொண்டது. சிரித்தான். உஷா போன பிறகு அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பது உனக்குத் தெரியும். அம்மாவைப் பார்த்துக்கொண்டேன், அவர் போனார், அதற்குப் பிறகு ரயில்வே வேலையும் முடிந்தது. இந்த ஃபிளாட்டில் நான் பேசுவதற்கு ரேடியோதான் இருந்தது. ஆகவே உன் அப்பாவை மீட்டது எனக்கும் நல்லதாகத்தான் போயிற்று, மறைக்கவில்லை. ஆனால் மீட்டது நான். மீட்டவனுக்கு அவன் மேல் கொஞ்சம் உரிமை வந்துவிடுகிறது. நீயும் ஒரு தாய், உனக்கு இது புரியும்.

அவன் பெர்த்துக்கு உன்னிடமே வந்துவிடும் பேச்சு வந்தது போன தீபாவளிக்கு. விசா கிடைத்துவிட்டது, வீட்டை வாங்கவும் ஆள் பார்த்தாயிற்று என்று, பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டே சொன்னான். எனக்காக வருத்தத்தோடு சொன்னான் என்றுதான் அப்போது தோன்றியது. நான் உனக்கு போன் செய்தேன், ஞாபகம் இருக்கிறதா? அப்பாவுக்கு முட்டி வலி, குளிர் தாங்காது, அங்கே வந்தால் அறைக்குள்ளேயே அடைந்து கிடப்பான் என்றேன். நீ, "அப்பாவே வரணும்னு சொல்றாரே, அங்கிள்" என்றாய். பிள்ளைகளிடம் பெற்றவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். உனக்கு அதைப் புரியவைக்க முடியவில்லை. நான் போன் செய்தது அவனுக்குத் தெரியாது.

அந்த ஞாயிறு அவனுக்குக் கடைசி ஆற்றுப் பயணம் என்று கழகத்தில் எல்லாருக்கும் தெரியும். மார்க்கிரட் கேக் செய்து கொண்டுவந்திருந்தாள். கிஷன் தன் வண்டியில் அவளை ஏற்றி வந்தான். உன் அப்பா என் காரில் வந்தான். ஆற்றங்கரையில் அவனுக்குக் குனிய முடியவில்லை. மண்டி போட்டு உட்கார்ந்து அவன் பூட்ஸ் கயிற்றை நான்தான் கட்டிவிட்டேன். "கல்யாண மாப்ள மாதிரி கவனிக்கிறியேடா" என்றான். எப்போதும் போல இரண்டு முடிச்சுப் போட்டேன். மனதில் எதுவும் இல்லை. அதை நீ நம்ப வேண்டும். நான் திட்டம் போட்டுக்கொண்டு போகவில்லை.

காலை முழுக்க நல்ல மீன். அவனுக்கு ஒரு கெலா மீன் கிடைத்தது. பொன்னிறச் செதில், முழங்கை நீளம் இருக்கும். தண்ணீரிலேயே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, அதற்கு மூச்சு வரும்வரை பிடித்திருந்து, பிறகு விட்டான். அது போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஆற்று நடுவில் இருக்கும் மணல்திட்டுக்குப் போய் மறுபடி வீச ஆரம்பித்தான். மேலே பாறையில் காவல் என் முறை. விசில் கழுத்தில் இருந்தது.

முதலில் வாசனைதான் வந்தது. திரும்பிப் பார்த்தேன், மலை தெரியவில்லை, கறுத்துக் கிடந்தது. பாறையின் அடியில் தண்ணீர் நிறம் மாறியிருந்தது. கை விசிலுக்குப் போனது. வாயருகே கொண்டுவந்தேன்கூட. முதலில் மற்ற இருவரையும் தேடினேன். மார்க்கிரட்டும் கிஷனும் கரையில், மேட்டில், அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று உறுதி செய்துகொண்டேன். நான் பொறுப்பில்லாதவன் அல்ல.

மார்க்கிரட் கையைத் தட்டி, "ஜெயராஜ் அண்ணே, காப்பி ரெடி!" என்று உன் அப்பாவைக் கூப்பிட்டாள். அவன் ஒரு விரலைக் காட்டினான். இன்னும் ஒரே ஒரு தடவை.

அப்போது அவன் காலருகில் இலைகள் வந்து சுற்றின. குனிந்து பார்த்தான். அவனுக்கும் தெரியும், நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கையை விரித்து, என்ன என்று கேட்டான்.

நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

எதற்கும் பயமில்லை, நில் என்று அர்த்தம். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவன் நான். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

அவன் தலையை ஆட்டினான், சிரித்தான், முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். ராடைத் தூக்கினான். கயிறு பின்னால் போய் முழுதாக விரிந்தது. அவன் பொறுத்தான். பிறகு முன்னால் வீசினான். அது இறங்கியபோது தண்ணீரில் ஒரு வளையம்கூட எழவில்லை. அவன் வீசியதிலேயே ஆக அழகான வீச்சு அது. அதைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான்: இவன் இங்கேதான் இருக்க வேண்டியவன்.

பிறகு சத்தம் வந்தது. லோரிகள் வரிசையாக இறங்கி வருவது போல. அவன் திரும்பினான். வளைவில் அது வருவது அவனுக்கும் தெரிந்திருக்கும். கரைக்கு ஓடியிருக்கலாம், முடிந்திருக்காது, ஆனால் முயற்சி செய்திருக்கலாம். அவன் ஓடவில்லை. ராடை எறிந்துவிட்டு, இரண்டு கையையும் என் பக்கம் வீசி, "நேசா! மேல ஏறுடா! ஏறு!" என்று கத்தினான். நான் கவனிக்காமல் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டான். எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தான்.

நான் பாறையின் உச்சியில்தான் இருந்தேன். என் கால்கூட நனையவில்லை.

அந்தக் குரல்தான் இப்போதும் அவ்வப்போது வருகிறது. மற்றபடி தூங்குகிறேன்.

போம்பா மீட்புப்படை ஆட்கள் மறுநாள் காலையில் அவனைக் கீழே மூங்கில் புதரில் கண்டுபிடித்தார்கள். அடையாளம் காட்டியது நான். பூட்ஸ் இரண்டும் காலிலேயே இருந்தன. நீ விமானம் ஏறி வந்து சேர்வதற்குள் அவனைக் குளிப்பாட்டி, தலைவாரி, நீ பார்க்கும்படி வைத்ததும் நான்தான். நெற்றிக் காயத்தில் திருநீறு பூசி மறைத்தேன். நீ என் தோளில் சாய்ந்து அழுதாய். "கடைசி வரைக்கும் நீங்கதான் கூட இருந்தீங்க, அங்கிள்" என்றாய். அது உண்மைதான், நீ சொன்னதில் தப்பில்லை.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதென்றால் நானே வருகிறேன். நடக்கிற தூரம்தான். கிஷனிடமும் மார்க்கிரட்டிடமும் நீயே சொல்லிவிடு, எனக்கு அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வராது. மார்க்கிரட், காப்பிக்குக் கொஞ்சம் முன்னாலேயே கூப்பிட்டிருக்கலாமே என்று தன்னையே நொந்துகொண்டிருக்கிறாள். அது வேண்டாம், அவள் மேல் ஒரு பிசகும் இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொள். உன்னிடம் எனக்குக் கோபம் கிடையாது. நீ உன் அப்பாவை அழைத்துப்போக நினைத்தாய், பிள்ளை செய்ய வேண்டியதுதான் அது. அங்கே வந்து அவன் என்ன செய்திருப்பான் என்று மட்டும் யோசித்துப் பார். யாரும் அவன் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாத ஊரில், ஒரு அறையில், நாளெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. நான் அதிலிருந்துதான் அவனைக் காப்பாற்றினேன். முதல் தடவை காப்பாற்றியது போலவே.

என்ன கேட்டாய்? அன்று காலை வண்டியில் வரும்போது உன்னைப் பற்றி ஏதாவது சொன்னானா என்றா?

சொன்னான். வழி முழுக்க உன்னைப் பற்றித்தான். பேத்திக்கு ஒரு குட்டி ராட் வாங்கி, துணிகளுக்கு நடுவில் சுற்றி வைத்திருப்பதாகச் சொன்னான். அங்கே மலைப்பக்கம் ட்ரவுட் மீன் இருக்கிறதாம், பிள்ளைக்குத் தானே வீசக் கற்றுக்கொடுக்கப் போகிறானாம். "உஷா போனப்புறம் இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வரும்னு நெனச்சதே இல்லடா, நேசா. நீ இல்லன்னா நான் அப்பவே போயிருப்பேன். நீயும் வந்து ஒரு மூணு மாசம் தங்கணும், ரூம்லாம் இருக்காம், லோகாகிட்ட சொல்லிட்டேன்" என்றான். ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்றில் கையை நீட்டிக்கொண்டு பாடினான்.

நான் வண்டியை ஓட்டினேன். அவ்வளவு சந்தோஷமாக ஒருவன் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.