பன்னிரண்டு பம்பும் ஒரு பெயரும்

"ஹலோ... ஓம், ஓம், யோகமலர்தான் கதைக்கிறன்... ஆர், தில்லையம்பலம் அண்ணையோ? சொல்லுங்கோ அண்ணை, நானும் உங்களுக்குத்தான் எடுக்க வெளிக்கிட்டனான்... ஓம்... ஓம், லொறி மூண்டு மணிக்கு உங்கடை வீட்டடிக்கு வரும்... பன்னிரண்டு பம்பும் ரெடியோ? வடிவாப் போச்சு... என்ன?... இன்னொரு விசயமோ?... சந்தோசமான விசயமோ? அப்ப சொல்லுங்கோவன்."

தில்லையம்பலம் 'சந்தோசமான விசயம்' என்று வாயைத் திறந்தாலே யோகமலர் கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். அவர் ஊர்ச்சங்கத்தின் தலைவர். போன தடவை அவருடைய சந்தோசம் நாலரை மணிநேர ஆண்டுவிழாவாக வந்து, எட்டுப் பொன்னாடைகளோடும் ஆறிப்போன புரியாணியோடும் முடிந்தது. யோகமலர் ஊரில் விவசாயப் போதனாசிரியையாக இருந்தவள். ரொறன்ரோவில் காலையில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் தட்டுக் கழுவுகிறாள். மத்தியானத்துக்குப் பிறகு பார்க்டேலில் ஒரு தேவாலயத்தின் மேல்மாடி அறைக்கு வந்து உட்காருவாள். ஆபிரிக்காவில் சின்னத் தோட்டம் செய்கிற பெண்களுக்குக் கடிதம் எழுதி, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, அதைமட்டும் தேடி அனுப்புகிற ஒரு சின்ன அமைப்பின் அறை அது. அமைப்பு என்றால் அவளும், பேர்ணடெற் என்ற வெள்ளைக்காரப் பெண்மணியும், ஒரு மேசையும், ஒரு தொலைபேசியும்தான்.

இந்தத் தடவை கேட்டது சாம்பியாவில் ஓர் ஆற்றங்கரைக் கிராமம். ஆற்றிலிருந்து பாத்திக்குத் தண்ணீர் ஏற்ற, எண்ணெய் குடிக்காத, ஆளே இயக்குகிற பம்ப். யோகமலர் படம் கீறிக் கொடுத்தாள். சங்கத்துப் பெடியள் பிறம்ரனில் ஒரு பட்டறையில் குளிர்காலம் முழுக்கச் சனி ஞாயிறுகளில் வெல்ட் பண்ணினார்கள். தலைவர் பட்டறைக்கு ஒரேயொரு தரம் போனார், அதுவும் படம் எடுக்க. போன கிழமை பம்புகளை அஜக்ஸிலுள்ள தன் வீட்டுக் கராஜுக்கு ஏற்றி வந்தார், தேங்காய் உடைத்து அனுப்பவேண்டுமாம்.

"பெயரோ?... என்ன பெயர்?... உங்கடை ஐயாவின்ரையோ?... பன்னிரண்டிலுமோ?... ஓம்... 'அமரர் பெருங்கமக்காரர் நாகமணி ஞாபகார்த்தமாக'... ஓம், ஓம், கேட்டுக்கொண்டிருக்கிறன்... மலர்வு, உதிர்வு... பிறந்த, இறந்த திகதியோடையோ? அது நல்லது அண்ணை, சாம்பியாச் சனம் இனித் திவசத்தைத் தவறவிடாது... சீச்சீ, பகிடி பண்ணேல்லை... ஆர் எழுதினது? வின்சன்ற்றோ? ஓ, கடைக்குப் பெயர்ப்பலகை எழுதுறவர்... ரெண்டு கலரிலையோ?... கீழை செயற்குழுவுமோ? ஒம்பது பேருமோ?... பொருளாளருக்கு ஏன் சின்ன எழுத்து? அந்தாள் கோவிக்கப் போகுது."

பேர்ணடெற் எதிர்க் கதிரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. யோகமலர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். பேர்ணடெற் சந்தோசமாகச் சிரித்துவிட்டு முத்திரை ஒட்டப் போனாள். அறிவது எல்லாருக்கும் நல்லதில்லை.

"அண்ணை, நான் என்ன சொன்னனான்?... தைமாசக் கூட்டத்திலை சொன்னனான்... சரி, அது வடை வந்த நேரம், விடுங்கோ. மாசிக் கூட்டத்திலை? 'பம்பிலை ஒருத்தற்றை பெயரும் இருக்கப்படாது' எண்டு... கூட்டக் குறிப்பிலை கிடக்கு அண்ணை, கீழை உங்கடை கையெழுத்து... ஓம், வாசிச்சுப் பாத்துக் கையெழுத்து வைக்கிறது உங்கடை பழக்கமில்லைத்தான்... என்ன?... மரியாதைக்குச் சொல்லியிருப்பினமோ?... ஐயோ அண்ணை, உது எங்கடை வீடுகளிலை தேத்தண்ணி வேண்டாமெண்டு சொல்லுறமாதிரி இல்லை. நாங்கள்தான் மூண்டுதரம் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டு நாலாந்தரம் குடிக்கிறது. அந்த மனுசி வேண்டாமெண்டா வேண்டாம்தான்."

அந்த மனுசியின் பெயர் லவ்னெஸ். முப்பத்தெட்டுப் பெண்கள் சேர்ந்து செய்கிற தோட்டத்துக்கு அவள்தான் தலைவி. அவளுக்குப் பொன்னாடை கிடையாது. மூன்று பக்கக் கடிதத்தில் அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. யோகமலர் அந்தக் கடிதத்தை மேசை லாச்சியிலிருந்து எடுத்து விரித்தாள்.

"கேளுங்கோ, தமிழிலை சொல்லுறன்... ரெண்டு நிமிசம்தான்... தேங்காயைப் பிறகு உடைக்கலாம். 'எங்கடை ஊருக்கு முந்தி ஒரு ட்ராக்டர் வந்தது. தந்தவையின்ரை பெயர் அதிலை பெரிசா எழுதியிருந்தது. அது பழுதாப்போனவுடனை, பெயருக்குரியவை வந்து திருத்துவினம் எண்டு எல்லாரும் பாத்துக்கொண்டிருந்தம். ஆறு வருசமாப் பாத்துக்கொண்டிருக்கிறம். இப்ப அதுக்குள்ளை கோழி முட்டை இடுது. அதாலை பெயர் எழுதின சாமான் ஒண்டும் நாங்கள் வாங்கிறேல்லை.' ...விளங்குதோ?... கோழியைப் பற்றி இல்லை அண்ணை... இல்லை, கோழி வளக்கிறதுக்கும் நாங்கள் உதவத் தேவையில்லை... என்ன, உங்கடை ஐயாவின்ரை பம்ப் பழுதாகாதோ?... பழுதானா உங்களுக்கு அடிக்கட்டாமோ? ஓம், ஓம். அந்த ஊருக்கு ஃபோன் வந்தவுடனை முதல் கோல் அஜக்ஸுக்குத்தான்."

மறுமுனையில் குரல் ஏறியது. யோகமலர் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள்.

"கத்தாதேங்கோ அண்ணை, பிறஷர் ஏறும்... நான் உங்கடை ஐயாவை அவமதிக்கேல்லை... என்ன? பெயர் இல்லாட்டி பம்ப் இல்லையோ?... லொறியைத் திருப்பி அனுப்பப் போறியளோ?... அண்ணை..."

இப்போது அவளுக்குப் பயம் பிடித்தது. இந்த லொறி மொன்றியலுக்குப் போய்க் கப்பலைப் பிடிக்கவேண்டும். விட்டால் அடுத்தது ஒன்றரை மாதம் கழித்துத்தான். அங்கே மழை நின்றுவிட்டது. பெண்கள் பம்பை நம்பித் தக்காளி நாற்றும் வெங்காய நாற்றும் போட்டுவிட்டார்கள். அதுவரைக்கும் ஆற்றிலிருந்து தலையில் குடம் குடமாகச் சுமந்து ஊற்றுகிறார்கள். பம்ப் போகாவிட்டால் பாதித் தோட்டம் கருகும். பெயரோடு போனாலோ அவர்கள் தொடவே மாட்டார்கள். கோழிக்கு இன்னும் பன்னிரண்டு வீடு கிடைக்கும்.

"சரி அண்ணை, சண்டை வேண்டாம். ஒண்டு கேக்கிறன். வின்சன்ற் எங்கை எழுதினவர்? அந்தப் பம்பிலை குழாயும் கம்பியும்தானே இருக்கு, எழுத இடமேது?... பலகையிலையோ?... எந்தப் பலகை?... ரெண்டு நீளப் பலகையோ?... ஒண்டிலை ஐயா. மற்றதிலை செயற்குழு... ஓம்... ஓம்... பொறுங்கோ அண்ணை, ஒரு நிமிசம்."

அவள் ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பேர்ணடெற் ரிஷூப் பெட்டியை அவள் பக்கம் தள்ளிவிட்டாள். யோகமலர் ஒன்றை உருவிக் கண்ணைத் துடைத்துவிட்டுக் குரலைச் சரிசெய்தாள்.

"ஓம், சொல்லுங்கோ... அந்தப் பலகை ரெண்டும் என்னத்துக்கெண்டு நினைச்சியள் அண்ணை?... பெயர் எழுதவோ?... பெடியள் உங்களிலை உள்ள மரியாதையிலை பூட்டினவங்களோ? ஓ... இல்லை அண்ணை. அது மிதிக்கிற பலகை... மிதிக்கிறது. காலாலை... ஓம், ஏறி நிண்டு மாறி மாறி மிதிச்சாத்தான் தண்ணி ஏறும். ஒரு கால் ஐயாவிலை, மற்றக் கால் செயற்குழுவிலை... பின்னை, வெறுங்காலோடைதான். சேத்துக்கால். விடிய ரெண்டு மணித்தியாலம், பின்னேரம் ரெண்டு மணித்தியாலம். முப்பத்தெட்டுப் பேர், முறைவைச்சு... ஹலோ?... அண்ணை?... இருக்கிறியளோ?"

ஒரு பழைய பேப்பர் துண்டில் கால் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற சனம் நாங்கள். பெற்ற தகப்பனின் பெயரைச் சேற்றுக்காலுக்கு அனுப்புவதென்றால் சும்மாவா. யோகமலர் கதிரையில் நன்றாகச் சாய்ந்தாள். லவ்னெஸின் மூன்று பக்கத்தால் முடியாததை ஒரு கால் முடித்துவிட்டது. இனி அந்தாள் பெயின்ற் கரைக்கிற ரேப்பன்ரைன் போத்தலைத் தேடி ஓடும் என்று காத்திருந்தாள்.

"என்ன?... மிதிக்கட்டுமோ?... விளங்கேல்லை அண்ணை, ஆர் மிதிக்கட்டும்?... துலாவோ? எந்தத் துலா?... ஓம், துலா மிதிக்கிறது தெரியும்... ஆரின்ரை தோட்டத்திலை?... மற்றவையின்ரை தோட்டத்திலையோ?... கூலிக்கோ?... உங்கடை ஐயாவோ? பெருங்கமக்காரர் எண்டு நீங்கள்..."

அவள் வாயை மூடிக்கொண்டாள். துலா மிதிக்கிறவன் ஏற்றமரமான கிணற்றுத் துலாவின் மேல் ஏறி முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருப்பான். முன்னுக்குப் போனால் வாளி கிணற்றில் இறங்கும், பின்னுக்கு வந்தால் தண்ணீரோடு ஏறும். நனைவது தோட்டக்காரரின் வெங்காயம். நாகமணி முப்பது வருடம் அப்படி நடந்தவர். நிறையக் காணி வைத்துத் தோட்டம் செய்கிற பெருங்கமக்காரர் என்பது மகன் கனடாவுக்கு வந்தபிறகு தகப்பனுக்குக் கொடுத்த உத்தியோகம்.

"ம்... ம்... ஒரு பரப்புக் காணியும் இல்லையோ... ம்... உள்ளங்கால் வெடிச்சு... ஓம்... அண்ணிக்கும் சொல்லேல்லையோ? இவ்வளவு காலமும்?... அழாதேங்கோ அண்ணை... இல்லை, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்... ம்..."

யோகமலருக்கு வெட்கமாக இருந்தது. போதனாசிரியையாக இருந்த காலத்தில் அவள் எத்தனை தோட்டத்துக்குப் போயிருப்பாள். பதிவேட்டில் காணிக்காரரின் பெயரைத்தான் எழுதினாள். வெயிலில் நின்று வேலை செய்தவனின் பெயரை ஒருநாளும் கேட்டதில்லை.

"ஓம்... கேக்குது... அந்தப் பெண்டுகளோடை உங்கடை ஐயாவும் நிக்கட்டுமெண்டு கேக்கிறியள்... எனக்கு விளங்குது அண்ணை... அவருக்கு அதுதான் இடமெண்டு சொல்லுறியள்..."

ஏதாவது பகிடி கிடைக்குமா என்று மனதுக்குள் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. சற்று முன்பு பலகை என்னத்துக்கென்று தெரியாதிருந்த ஆள், இப்போது அந்தப் பம்பை அவளைவிட நன்றாக விளங்கிக்கொண்டிருக்கிறார். இந்த ஆளுக்குத்தான் அவள் இப்போது மாட்டேன் என்று சொல்லவேண்டும். சரி என்று சொல்லிவிடவே மனம் கிடந்து தவித்தது.

"இல்லை அண்ணை. ஏலாது... ஏலாது. உங்கடை ஐயா ஆரின்ரையோ கிணத்திலை, ஆரின்ரையோ துலாவிலை ஏறி மிதிச்சவர். அது ஒருநாளும் அவற்றை துலா இல்லை. அதுதானே உங்களுக்கு நோகுது?... இந்தப் பெண்டுகள் தங்கடை ஆத்துத் தண்ணியைத் தங்கடை தோட்டத்துக்கு மிதிக்கப் போகினம். இன்னொருத்தற்றை பெயரிலை ஏறி நிண்டு மிதிச்சா, அவையும் கூலிக்கு மிதிக்கிறமாதிரித்தான்... அது உங்கடை ஐயாவின்ரை பெயரெண்டாலும்... ஓம்... எனக்கும் சொல்ல விருப்பமில்லை. ஆனா அந்த மனுசி சொன்னது சரி அண்ணை."

கீழே குயீன் தெருவில் ஸ்ட்ரீற்கார் ஒன்று மணியடித்துக்கொண்டு போனது. யோகமலர் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றே முக்கால்.

"அண்ணை?... எங்கை போறியள்?... கராஜுக்கோ?... ஓம், கோட்லெஸ் ஃபோன்தானே, கொண்டுபோங்கோ... என்ன சத்தம் அது?... சுரண்டுறியளோ? என்னத்தாலை?... தோசை பிரட்டுற தட்டகப்பையாலையோ? அண்ணி கொல்லப்போறா... பெயின்ற் இன்னும் காயேல்லையோ? அப்ப கெதியா வரும்... இருவத்திநாலு பலகை அண்ணை, தனியச் செய்யேலாது, வின்சன்ற்றைக் கூப்பிடுங்கோவன்... செயற்குழுவை அவர் சுரண்டட்டுமோ?... ஐயாவை நீங்களேயோ?... சரி... சரி அண்ணை."

அவர் ஃபோனை நிறுத்தாமலே நிலத்தில் வைத்துவிட்டார் போலிருந்தது. தகடு மரத்தில் உரசுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. வைத்துவிடலாம்தான். அறையில் இருப்பது ஒரே தொலைபேசி, பேர்ணடெற்றும் எங்கோ ஃபோன் எடுக்கவேண்டுமென்று கையால் காட்டிக்கொண்டு நின்றாள். யோகமலர் அவளைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்தாள். சத்தம் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஓரிடத்தில் நின்றது.

"அண்ணை... கேக்குதோ?... நான் முதல் சிரிச்சுப்போட்டன் அண்ணை, ஃபோனைப் பொத்திக்கொண்டு... உங்களுக்குத் தெரியாது... சிரிச்சிருக்கப்படாது..."

சுரண்டல் மறுபடி தொடங்கியது, முன்னையிலும் மெதுவாக.

"அண்ணை?... ஐயாமாதிரி ஆக்களின்ரை பெயரை நானும் ஒருநாளும் கேக்கேல்லை... ஹலோ?... ஹலோ?..."

கோட்லெஸ்ஸின் பற்றரி முடிந்திருக்கவேண்டும். லைன் அறுந்துவிட்டது.