தெரசம்மாள் போட்ட மலாயாக் கணக்கு

"தூங்கறாங்கக்கா. ஆபீசுல அத்தன பேரும் தூங்கறாங்க. கண்ணு மட்டும் தொறந்திருக்குது, அவ்வளவுதான். நான் என்ன பொய்யா சொல்றேன்? இப்பத்தான பாத்துட்டு வாரேன்…"

சேலத்தில் பஸ் கிளம்புவதற்கு முன்பே தெரசம்மாள் இதை ஆரம்பித்துவிட்டாள். கொண்டலாம்பட்டி தாண்டியது, மல்லூர் தாண்டியது, அவள் இன்னும் ஓயவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவள் பக்கத்து சீட்டுக் கமலவேணி. கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதைவிட, மாட்டிக்கொண்டாள் என்பதே சரி. காலையில்தான் ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். வாய் நிறையப் பஞ்சு. வீடு போய்ச் சேரும்வரை வாயைத் திறக்காதே என்று நர்சம்மா மிரட்டி அனுப்பியிருந்தாள். போதாக்குறைக்கு ஜன்னலோரம் வேறு உட்கார்ந்துவிட்டாள். தெரசம்மாளைத் தாண்டாமல் எழுந்துபோக வழி கிடையாது. பேசுகிறவளுக்கு இதைவிட நல்ல துணை எங்கே கிடைக்கும்?

தெரசம்மாளின் குறை இதுதான். அவளுடைய ஒரே மகள் மரியபுஷ்பத்தை மலாயாவில் இருக்கும் தோமினிக்குக்குக் கட்டிக் கொடுத்திருந்தாள். ரப்பர் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறவன். லீவில் வந்தான், கோயிலில் வைத்துத் தாலி கட்டினான், கறிக்குழம்பு வாசம் போவதற்குள் கப்பல் ஏறிப் போய்விட்டான். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த பிறகு சட்டமெல்லாம் இறுகிப்போயிற்றாம்; பெண்டாட்டியாக இருந்தாலும் விசா இல்லாமல் கரையில் கால் வைக்க முடியாதாம். அவனும் அங்கே நாயாய் அலைந்து விசாவுக்கு வழிபண்ணிவிட்டான். ஆனால் இங்கே பாஸ்போர்ட் வரவேண்டும். அது வந்து, வருகிற கிறிஸ்துமசுக்குள் புஷ்பம் கப்பல் ஏறாவிட்டால் அந்த விசா செத்துப்போகும். மறுபடி முதலிலிருந்து அலையவேண்டும். இன்னொரு தடவை அலைய எனக்குத் தெம்பில்லை என்று மாப்பிள்ளை எழுதிவிட்டான். ஆவணி பிறந்தாயிற்று, பாஸ்போர்ட்டைக் காணோம்.

"அங்க தெனமும் மத்தியானம் மழ பேயுமாம்க்கா. அதுக்குன்னு ஒரு கொட வாங்கிக் குடுத்தேன். அந்தப் புள்ள தெனமும் அந்தக் கொடய எடுத்து விரிச்சு, தொடச்சு, மடக்கி வெக்குது. ஊட்டுக்குள்ளயே. நம்மூர்ல மழ ஏது? சோறு சரியாத் திங்கறதில்ல. எளச்சுப்போயி… ஒரு பெத்தவ எத்தன நாளைக்கு இதப் பாத்துட்டு இருப்பா சொல்லுங்க."

கமலவேணி 'ம்ம்' என்றாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

பாஸ்போர்ட் விஷயமாகச் சேலத்து ஆபீசுக்குத் தெரசம்மாள் போகாத மாதமில்லை. அங்கே ஒரு கிளார்க்கு. மூக்குக்கண்ணாடியும் வெற்றிலை வாயுமாக இருப்பவர். முதல் தடவை போனபோது, மேலே போயிருக்கிறது என்றாராம். இவள் விடுவாளா? மாடி ஏறிப் போய்ப் பார்த்தாள். ஒரு கால் உடைந்த நாற்காலிகளும் புறாவும்தான் இருந்தன. கீழே வந்து, மேலே ஒன்றுமில்லையே என்று கேட்டதற்கு அந்த மனுஷன் தலையில் அடித்துக்கொண்டாராம். அதற்கப்புறம் எப்போது போனாலும் ஒரே பேச்சு. என்கொயரியில் இருக்கிறது, என்கொயரி முடியட்டும்.

என்கொயரி என்றால் என்ன என்று இவள் கேட்கவில்லை. கேட்டால் படிக்காதவள் என்று நினைத்துவிடுவார்களே. அதனால் தானாகவே ஒன்றை நினைத்துக்கொண்டாள். மெட்ராசில் நீளமாக ஒரு மேசை, சுற்றிலும் கோட்டுப் போட்ட பெரிய மனுசர்கள், நடுவில் புஷ்பத்தின் போட்டோ. இந்தப் பெண்ணை அனுப்பலாமா வேண்டாமா என்று காப்பி குடித்துக்கொண்டே பேசுகிறார்கள். அதுதான் என்கொயரி.

"ஒரு பொண்ணு மூஞ்சியப் பாக்கறதுக்கு இத்தன நாளாங்க? பொண்ணு பாக்க வந்த மாப்புள்ள ஊட்டுக்காரங்களே ஒரு பலகாரம் தின்னு முடிக்கறதுக்குள்ள சொல்லிட்டாங்க."

எப்போது வரும் என்று ஆபீசில் சொல்லாவிட்டால் என்ன, தெரசம்மாளே கணக்குப் போட்டுவிட்டாள். அக்கம்பக்கத்து ஊர்களில் அக்கரைக்குப் போனவர்களை எல்லாம் விசாரித்து வைத்திருந்தாள். வாழப்பாடியில் ஒருத்தி எழுதிப் போட்டபோது அவர்கள் வீட்டு எருமை சினையாக இருந்தது. பாஸ்போர்ட் வந்தபோது கன்று பால்குடி மறந்திருந்தது. எருமப்பட்டிக் கந்தனுக்கு மரவள்ளி நட்டபோது எழுதியது, பிடுங்கும்போது வந்துவிட்டது. குமாரபாளையத்து நெசவுக்காரர் ஒருவருக்குத் தறியில் ஏற்றிய பாவு நெய்து அறுபடுவதற்குள் கையில் கிடைத்ததாம். ஆனால் அவருடைய மச்சான் மெட்ராஸ் ஆபீசில் சேவகம் பார்க்கிறான், அதனால் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அவளே தள்ளிவிட்டாள்.

"அப்ப மிச்சம் எருமையும் மரவள்ளியும். ரெண்டுக்கும் நடுவுல வெச்சுப் பாத்தனுங்க. போன ஈஸ்டருக்கே வந்திருக்கோணும். என்ர கணக்கு தப்பாதுங்கக்கா. தபால்காரங்கிட்டச் சொன்னா சிரிக்கறான். செரி, புது எருமையா இருந்தா தலச்சினை, கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும்னு இன்னொருக்கா விசாரிச்சேன். இல்ல, அது மூணாவது ஈத்தாம்."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. கமலவேணி கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். தெரசம்மாள் அதைத் தன் கதைக்கு வந்த அனுதாபம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

அந்தோணியாருக்குச் செவ்வாய்க்கிழமை தவறாமல் மெழுகுவர்த்தி ஏற்றியதையும், சின்ன வர்த்தியாக இருப்பதால்தான் மெட்ராஸ் வரைக்கும் வெளிச்சம் போகவில்லையோ என்று பெரிய வர்த்திக்கு மாறியதையும் சொன்னாள். பங்குச் சாமியார் பொறுமையாயிரு என்றதையும், அவருக்கென்ன, அவருக்கு மகளா மருமகனா என்று தான் மனசுக்குள் கேட்டுக்கொண்டதையும் சொன்னாள். பிறகு பேச்சு தபால்காரன் பக்கம் திரும்பியது. அவன் இப்போதெல்லாம் இவள் தெருமுனையில் நிற்பதைப் பார்த்தாலே சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு சோளக்காட்டு வரப்பில் போய்விடுகிறானாம்.

"தூரத்துல அவன் காக்கிச் சட்ட தெரிஞ்சா என்ர நெஞ்சு அடிச்சுக்கும் பாருங்க. பாஸ்போட்டா, போலீசான்னு தெரியாதில்லீங்க. நமக்கு ரெண்டு காக்கியும் ஒரே காக்கிதான… ஆங், போலீசுன்னதும் ஒண்ணு சொல்லோணும்க்கா. கேட்டா சிரிப்பீங்க."

இங்கே கொஞ்சம் நிறுத்தி, அவர்கள் தெருவைப்பற்றிச் சொல்லவேண்டும். மதுவிலக்கு வந்த நாளிலிருந்து அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு சாராய ஊறல் போட்டவர்கள் உண்டு. தெரசம்மாளின் வீட்டுக்காரன் மிக்கேலும் போட்டவன்தான். மாதா கோயிலில் சத்தியம் செய்து விட்டுவிட்டான், அது வேறு விஷயம். ஆனால் தெருவின் பழக்கம் விடவில்லை. காக்கிச் சட்டை போட்ட ஆள் வந்து யார் பேரைச் சொல்லிக் கேட்டாலும், அப்படி ஒரு ஆளே இல்லை என்று சொல்லிவிடவேண்டும். பேச்சு வந்த பிள்ளைகள் அம்மா என்ற சொல்லுக்கு அடுத்தபடி கற்றுக்கொள்வது அதைத்தான். இதில் சாதி மதம் எதுவும் கிடையாது.

"போன ஐப்பசியில ஒரு போலீசு வந்தானுங்க. ஒல்லியா, சைக்கிள்ல. கையில காயிதம் வெச்சிட்டு, இங்க மரியபுஷ்பம்ங்கறது ஆருன்னு கேட்டான். பொட்டப்புள்ள பேரச் சொல்லிக் கேக்கறானேன்னு எனக்குக் கொல நடுங்கிப்போச்சு. ஆனா மூஞ்சியில காட்டுவனா? அப்படி ஆரும் இல்லீங்களேன்னேன். எதுத்த ஊட்டுப் பெருமாயி புளி கொட்ட எடுத்துட்டிருந்தா. அவளுக்கு நான் கண்ணக் காட்டக்கூட இல்லீங்க. தல நிமிராமச் சொல்றா, 'இந்த ஊர்லயே அந்தப் பேர்ல ஆரும் இல்லீங்க சாமி'ன்னு. தங்கமான பொம்பள."

கமலவேணி திரும்பிப் பார்த்தாள். அதுவரை ஜன்னலுக்கு வெளியே போய்க்கொண்டிருந்த அவளுடைய கண் இப்போதுதான் தெரசம்மாளின் முகத்துக்கு வந்தது.

"பொறகு தையில ஒரு ஏட்டு வந்தாரு. நல்ல தடி. மிக்கேலு மக மரியபுஷ்பம், மலாயா தோமினிக்கு சம்சாரம், இந்த ஊடுதானன்னு அச்சடிச்ச மாதிரி கேக்கறாரு. ஆரோ வேண்டாதவங்க போட்டுக் குடுத்திருக்கறாங்கன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. இல்லீன்னு சொன்னா இனி எடுபடாது. புள்ளயப் புடிச்சு நெல்லுக் குதிருக்குள்ள எறக்கி விட்டுட்டு வெளிய வந்து போட்டேன் பாருங்க ஒரு போடு. அவ மலாயா போயி ரொம்ப நாளாச்சுங்க சாமின்னு. அந்த ஏட்டு அப்படியே மலச்சுப்போயி நின்னாருக்கா. மலாயாவுக்கா, போயிட்டாளான்னு மூணு தடவ கேட்டாரு. கப்பல்ல போயிட்டா, போயிச் சேந்துட்டேன்னு காயிதமும் போட்டுட்டான்னேன். தொப்பியக் கழட்டி மண்டயச் சொறிஞ்சாரு. எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. அதுக்கப்பறம் இந்தப் பக்கமே தல காட்டல."

சொல்லிவிட்டுத் தெரசம்மாள் பெருமையோடு முந்தானையை உதறிப் போட்டுக்கொண்டாள்.

கமலவேணி அவளுடைய கையைப் பிடித்தாள். 'ம்ம், ம்ம்' என்றாள். ஆள்காட்டி விரலால் காற்றில் ஏதோ எழுதிக் காட்டினாள். தலையில் தொப்பி வைப்பதுபோலச் செய்து, பிறகு தெரசம்மாளின் நெஞ்சைத் தொட்டு, பிறகு கடல் அலைபோலக் கையை ஆட்டினாள். வலி மண்டைக்கு ஏறிவிட்டது என்று தெரசம்மாள் பயந்துபோய்ச் சுருக்குப்பையில் கிராம்பு தேடினாள். கடைசியில் கமலவேணி பொறுக்கமாட்டாமல், நர்சம்மாவை மறந்து, ஜன்னல் வழியாகப் பஞ்சை ரத்தத்தோடு துப்பினாள்.

பல் போன வாயால் அவள் சொன்னது கொஞ்சந்தான். அவளுடைய மகன் சிங்கப்பூர் போனவன். அவன் விஷயமாகவும் போலீஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார், ஆளைப் பார்த்தார், மோர் குடித்தார், ஆள் இருக்கிறான் என்று எழுதிக்கொண்டு போனார், பாஸ்போர்ட் வந்தது. என்கொயரி என்பது அதுதான்.

தெரசம்மாள் வாயை மூடினாள். சேலத்தில் ஏறிய பிறகு பஸ்ஸின் என்ஜின் சத்தம் அப்போதுதான் காதில் விழுந்தது. முன்சீட்டு ஆள் ஒருவர் என்ன ஆயிற்று என்று திரும்பிக்கூடப் பார்த்தார்.

புஷ்பம் குதிரிலிருந்து ஏறி வந்தபோது தலைமுடியெல்லாம் உமியாக இருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. எதுக்கும்மா போலீசு என்று அந்தப் பெண் கேட்டாள். உன்னைக் காப்பாத்திட்டேன் போ என்று இவள்தான் சொன்னாள்.

"அப்ப… அந்த ஏட்டு புள்ளயப் புடிக்க வரலீங்களா?"

கமலவேணி இல்லை என்று தலையாட்டினாள்.

தெரசம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அழப்போகிறாள் என்றுதான் கமலவேணி நினைத்தாள். ஆனால் நிமிர்ந்தபோது அவள் முகத்தில் இருந்தது கோபம்.

"இத்தன வருசத்துல எங்க தெருவுல சொன்ன ஒரு வார்த்தையப் போலீசு நம்புனதில்லீங்கக்கா. ஊட்டுக்காரரு இல்லீங்கன்னு மாதா மேல சத்தியம் பண்ணுவேன். அப்பவும் கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாப்பாங்க. பானைக்குள்ள கைய விட்டுப் பாப்பாங்க. அப்பேர்ப்பட்டவங்க, இத மட்டும் எப்பிடி நம்புனாங்க? சொன்னா எழுதிக்கறதா? ஒரு எட்டு உள்ள வந்து பாக்கக்கூடாதா?"

அவளுடைய ஊருக்கு முந்தின நிறுத்தத்தில்தான் போலீஸ் ஸ்டேஷன். பஸ் நின்றதும் எழுந்துவிட்டாள். கமலவேணிக்குப் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. தேடி எடுத்த கிராம்பை மட்டும் அவள் கையில் திணித்துவிட்டு இறங்கினாள். அந்தத் தெருவிலிருந்து யாரும் தானாக நடந்து அந்தப் படி ஏறியதாகச் சரித்திரம் கிடையாது. செருப்பைக் கோயிலுக்குக் கழற்றுவதுபோல வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

அதே ஏட்டுத்தான் உட்கார்ந்திருந்தார். பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"சாமி, மரியபுஷ்பம் ஊட்டுலதானுங்க இருக்கறா," என்றாள் தெரசம்மாள்.

ஏட்டு பேனாவைக் கீழே வைத்தார். "மலாயா போயிட்டான்னு சொன்னயே?"

"அது பொய்யுங்க."

"அதுக்கு முந்தி, அப்படி ஆளே இல்லைன்னு சொன்னியாமே?"

"அதுவும் பொய்யுங்க."

"இப்பச் சொல்றது?"

"இது நெசமுங்க சாமி."

ஏட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு அவளைப் பார்த்தார். உன் பேச்சை நம்பி எழுதினதுக்கு மேலதிகாரியிடம் நான் வாங்கின திட்டு போதும் என்றார். இனி நீ சூரியன் கிழக்கே உதிக்குது என்றாலும் வெளியே வந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன் என்றார். நானே வருகிறேன், வீட்டை மூலை மூலையாகத் துழாவுகிறேன், அந்தப் பெண்ணை என் கண்ணால் பார்த்தால்தான் எழுதுவேன், சம்மதமா என்று மிரட்டலாகக் கேட்டார்.

தெரசம்மாளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் அதைப் பயம் என்று நினைத்துக்கொண்டு தொப்பியை எடுத்து மாட்டினார்.

"வாங்க சாமி, இப்பவே வாங்க. எங்க வேணாலும் தேடுங்க," என்று முன்னால் நடந்தவள் படியில் நின்று திரும்பினாள். "ஒண்ணே ஒண்ணு சாமி. உங்களக் கண்டதும் எங்க ஊட்டுக்காரரு பின்பக்கமா ஓடுவாருங்க. இப்ப ஒரு தப்பும் பண்றதில்ல, காலு பழகிப்போச்சு. அவரத் தொரத்தீட்டுப் போயிராம, பொண்ண மட்டும் பாத்து எழுதிக்குங்க."