மெஷினில் குறை இல்லை

முதலில் தேநீரைக் குடியுங்கள் தம்பி, ஆறினால் ஆடை படிந்துவிடும். ரோல்ஸும் எடுங்கள், வீட்டில் செய்ததுதான். பனி தள்ளும் அந்த ஸ்னோபுளோவரை ஆறுதலாகப் பார்க்கலாம். பன்னிரண்டு வருடமாகக் கராஜின் அதே மூலையில் நிற்கிறது, உங்களைக் கண்டு எழும்பி ஓடாது.

நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். லீவரை விட்ட பிறகும் மெஷின் சுற்றியது, அது மெஷினைச் செய்த கம்பனியின் பிழை என்று என் மகன் டெனிஸ்டனின் வக்கீல் எழுதியிருக்கிறார். அதைப் பார்க்கக் கம்பனியின் இன்சூரன்ஸ்காரர் உங்களை அனுப்பியிருக்கிறார்கள். தமிழ்ப் பிள்ளையாக அனுப்பியது நல்லதாய்ப் போயிற்று. என் இங்கிலீஷில் சொன்னால் பாதிதான் வரும், இந்த விசயத்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது. டெனிஸ்டன் மேலே படுத்திருக்கிறான். வலிக் குளிசை போட்டால் மத்தியானம் வரை எழும்பமாட்டான்.

மெஷினில் குறை இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

இதை வாங்குவதற்கு இந்த வீட்டில் பெரிய சண்டை நடந்தது. பக்கத்து வீட்டு நீக்கிலாப்பிள்ளை அண்ணை மலிவு விற்பனையில் பற்றரியில் ஓடும் சின்ன மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து, பெண்ணுக்கு மாப்பிள்ளை எடுத்தவர் மாதிரி வீதி முழுக்கக் காட்டித் திரிந்தார். என் கணவர் அகஸ்ரினுக்கும் அதுதான் வேண்டுமாம். நான் விடவில்லை. நகரசபை வண்டி வீதியைத் துப்புரவாக்கிக்கொண்டு போகும்போது எங்கள் வாசலில் ஒரு வரம்பு கட்டிவிட்டுப் போகுமல்லவா, அது கல்லாக இறுகிவிடும். அதைக் கடிக்கிற பல்லு அந்தப் பற்றரிச் சாமானுக்கு இல்லை. முன்னால் பனியை வாரியெடுக்கும் திருகு ஒன்று, பின்னால் அதைத் தூக்கி எறியும் விசிறி ஒன்று, பெற்றோல் என்ஜின். வீட்டுக்கு அதுதான் சரி. அண்ணை இரண்டாம் வருடமே பனி அள்ளுகிற சவளை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அகஸ்ரின் குனிந்து வேலை செய்வார், நான் டோர்ச் பிடிப்பேன். செய்கிறவருக்குத் தன் கைதான் தெரியும், டோர்ச் பிடிக்கிறவளுக்கு எல்லாம் தெரியும். அவர் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்த பிறகு நானே செய்துவந்தேன். குளிர் தொடங்க முதல் எண்ணெய் மாற்றுவேன். பனிக்காலம் முடிந்தால் பெற்றோலை வடித்துவிடுவேன், கிடந்தால் பிசினாகிவிடும். பனி பாய்கிற வளைந்த குழாயின் உட்பக்கத்தில் நல்லெண்ணெய் பூசுவேன், ஈரப் பனி ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும். தேங்காயெண்ணெய் உதவாது, குளிரில் உறைந்துவிடும்.

திருகில் ஒரு சின்ன ஆணி இருக்கிறது, கவனித்துப் பாருங்கள். திருகு கல்லில் மாட்டினால் அந்த ஆணி முறியும். முறிவதற்கென்றே வைத்த ஆணி. சின்னது முறிந்து பெரியதைக் காப்பாற்றிவிடும். யார் யோசித்துச் செய்தானோ, புத்திசாலி. அந்த ஆணியைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன்.

டெனிஸ்டன் பல் டொக்டர் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். மூத்தவள் மெலனி ஏஜக்ஸில் இருக்கிறாள், அவளுக்குத் தன் குடும்பம், தன் பாடு. இந்த மோர்னிங்சைட் வீட்டில் அவனும் நானும்தான். கிளினிக்கால் வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே, "அம்மா, இண்டைக்கு என்ன கறி?" என்று கேட்பான். நாள் முழுக்க நான் வாய் திறக்காமல் இருந்தாலும், பின்னேரம் அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது தம்பி. வேறொன்றும் நான் கேட்கவில்லை.

கிறிஸ்மஸ் முடிந்த கையோடு அவன் சொன்னான்.

"அம்மா, வான்கூவர்ல ஒரு கிளினிக்கில பார்ட்னரா வரச்சொல்லிக் கேக்கினம். நதீஷாவும் ஓம் எண்டிட்டா."

நதீஷா அவன் கட்டவிருக்கும் பிள்ளை. மரியாதையான பிள்ளை, பொய் சொல்லக் கூடாது.

"அப்ப வீடு?" என்று கேட்டேன்.

"வாடகைக்கு விடுவம். நீங்கள் அக்கான்ர பேஸ்மென்ற்ல இருக்கலாம்தானே. வான்கூவர்ல ஸ்னோவே இல்லையம்மா, மழைதான். இந்த மெஷினையும் வித்துப் போடலாம்."

என்னையும் மெஷினையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டான். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். என் மனம் பித்தாகவில்லை, தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் பயமாக இருந்தது. மெலனியின் பேஸ்மென்ற் நிலத்துக்குக் கீழே, ஒரேயொரு யன்னல், அதையும் பனி மூடிவிடும். மேலே அவளுடைய மாமியார்தான் சமையல். என்ன கறி என்று என்னிடம் யார் கேட்கப்போகிறார்கள்? அவனைக் கெஞ்சிப் பார்க்கவில்லையா என்று நீங்கள் நினைக்கலாம். கெஞ்சினால் இருப்பான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பான். அப்படி ஒரு பிள்ளை எனக்கு வேண்டாம்.

பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிளேன் ரிக்கெற் எடுத்தான். அந்தக் கிழமைதான் அந்தப் பெரிய பனி வரப்போவதாகச் சொன்னார்கள், ஈரப் பனி, கனமானது. அவன் என் வீங்கிய முழங்காலைப் பார்த்துவிட்டு, "போகமுதல் இந்தமுறை நான் தள்ளித் தாறன். நீங்கள் உள்ளுக்க இருங்கோ" என்றான். நல்ல பிள்ளை தம்பி, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

இனிக் கேபிளுக்கு வருகிறேன். வலக்கைப் பிடியில் ஒரு லீவர் இருக்கிறது. அழுத்திப் பிடித்தால் திருகும் விசிறியும் சுற்றும், விட்டால் நிற்கும். லீவரிலிருந்து கீழே ஒரு மெல்லிய கேபிள் போகிறது. அது கொஞ்சம் தளர்ந்து நிற்க வேண்டும். இறுக்கினால் லீவரை விட்ட பிறகும் விசிறிக்கு உயிர் இருக்கும். இப்போது போய்ப் பார்த்தீர்களென்றால் கேபிள் இறுகியிருப்பது தெரியும். கம்பனி இறுக்கியதில்லை, நான் இறுக்கியது. அதற்குப் பிறகு தளர்த்தவும் இல்லை. உள்ளதை உள்ளபடி வைத்திருக்க வேண்டுமென்று விட்டுவிட்டேன்.

தவறுதலாகவா அன்ரி என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் நல்ல மனதோடு கேட்கிறீர்கள், ஆனால் எனக்கு அது கொஞ்சம் சுட்டுவிட்டது. அந்த மெஷினில் நான் தவறு விட்டதே இல்லை. நீக்கிலாப்பிள்ளை அண்ணையைக் கேட்டுப் பாருங்கள், தன் காருக்கு எண்ணெய் பார்க்கவே என்னைத்தான் கூப்பிடுவார். பனிக்கு முதல்நாள் டெனிஸ்டன் கிளினிக்கில் எல்லோருக்கும் போய்வருகிறேன் சொல்லப் போயிருந்தான். நான் கராஜுக்குப் போய் ஸ்பானரை எடுத்து, அளவாகத்தான் இறுக்கினேன். குழாய்க்கு அந்தமுறை நல்லெண்ணெய் பூசவில்லை. பனி அடைத்தால் கிண்டி எடுப்பதற்கு மெஷினோடு ஒரு பிளாஸ்ரிக் தடி வரும், மேல்பக்கத்தில் கொளுவியிருக்கும். அதைக் கழற்றிக்கொண்டுவந்து குசினியில் அரிசி வாளிக்குப் பின்னால் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பல் டொக்டருக்குக் கைதான் சீவியம். அவன் கண்ட இடத்தில் கையை நீட்டுகிற ஆள் இல்லை. ஆனால் அம்மா லீவரை விட்டுவிட்டு அந்தக் குழாய்க்குள் கைவிட்டுப் பனியை வழித்தெறிவதை வருடக்கணக்காகப் பார்த்தவன். மெஷினோடு வந்த புத்தகத்தில் அப்படிச் செய்யக் கூடாது என்றுதான் போட்டிருக்கிறது. என்ஜினை நிறுத்து, தடியால் எடு என்று படமும் கீறியிருக்கிறார்கள். ஆகவே கம்பனியை அதிலும் பிடிக்க முடியாது. அவன் புத்தகத்தைப் படிக்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் பழகினான்.

விடிந்து தேநீர் குடித்துவிட்டு இறங்கினான். நான் குசினி யன்னலில் நின்றேன். வாசல் வரம்பு வரைக்கும் வடிவாகத் தள்ளினான், முதல்தரம் செய்கிறவன் மாதிரியே இல்லை. வரம்பில் அடைத்துக்கொண்டது. லீவரை விட்டான். மேலே தடவிப் பார்த்தான், தடி இல்லை. யன்னலைப் பார்த்துக் கத்தினான்.

"அம்மா, அந்தத் தடி எங்க?"

நான் யன்னலைத் திறந்தேன். குளிர் முகத்தில் அடித்தது.

"கையால எடு ராசா. நிண்டிட்டுதுதானே."

அவன் குனிந்து பார்த்தான். விசிறி நின்றுதான் இருந்தது. பனி அடைத்துப் பிடித்திருந்ததால் நின்றது. பனியை எடுத்தால் சுற்றும். எனக்கு அது தெரியும், அவனுக்குத் தெரியாது. என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் கையை விட்டான்.

இதைத்தான் நீங்கள் எழுத வேண்டும். கேபிளை விட, தடியை விட, அந்த ஒரு சொல்லுத்தான் காரணம்.

நான் நினைத்தது ஒரு நகம் தம்பி, கூடிப்போனால் ஒரு விரல் நுனி. கையுறையும் போட்டிருந்தான். கை ஆற ஆறு மாதம் ஆகும், வான்கூவர்க்காரர் ஆறு மாதம் காத்திருக்கமாட்டார்கள், அதற்குள் அவனுக்கும் மனம் மாறும். முறிவதற்கென்று வைத்த ஆணி மாதிரி, சின்னது ஒன்று போய் வீடு தப்பும் என்று நினைத்தேன். ஆனால் வலக்கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் போய்விட்டன, மோதிரவிரலில் பாதி. நீக்கிலாப்பிள்ளை அண்ணை செருப்பும் இல்லாமல் பனிக்குள் ஓடிவந்து தன் மஃப்ளரால் கையைச் சுற்றினார். "ஐயோ தங்கச்சி, என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள், ஆம்புலன்சுக்கு அடியுங்கோ" என்று அழுதார். நான் முதலில் என்ஜினை நிறுத்தினேன். சும்மா ஓடினால் பெல்ற் தேய்ந்துவிடும். பிறகுதான் போன் எடுத்தேன்.

எனக்குக் கவலை இல்லையென்று நினைக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் அந்தக் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு நான் அழுத அழுகைக்கு நேர்ஸ் எனக்கும் ஒரு குளிசை தந்தாள்.

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு, உண்மையைச் சொன்னால், நன்றாக இருந்தோம். சோற்றைக் குழைத்து, முள் எடுத்த மீனும் வைத்து, நானே வாயில் தீத்திவிட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் வாயைத் திறப்பான். சட்டைப் பொத்தான் நான்தான் போட்டுவிடுவேன். ஆனால் அவன் என்ன கறி என்று கேட்பதில்லை. இனிமேல் கேட்பான், காலம் எடுக்கும்.

போன கிழமை மெலனி வாய் தவறி ஒன்று சொல்லிவிட்டாள். இந்த வழக்கு வென்றால் அந்தக் காசோடு டெனிஸ்டனும் நதீஷாவும் வான்கூவருக்கே போகப்போகிறார்களாம். அங்கே பல் வைத்தியம் படிக்கிற பிள்ளைகளுக்குப் படிப்பிக்க விரல் தேவையில்லையாம். அதற்காகத்தான் நான் இதைச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். உண்மை உண்மைதானே. பன்னிரண்டு வருடம் ஒழுங்காக உழைத்த ஒரு மெஷினின் மேல் பழி போடுவது பாவம்.

பொலிஸுக்குச் சொல்ல வேண்டுமென்றால் சொல்லுங்கள். ஒன்றும் நடக்காது. அவன் என் பிள்ளை, தாயைக் கம்பிக்குள் போட விடமாட்டான். நான் போனால் அவனுக்கு யார் தீத்துவது?

ஒரு சின்னத் தொல்லைதான். இடது கையால் கரண்டி பிடிக்கப் பழகிவிட்டான். நேற்று ஒரு கோப்பை சோற்றைத் தானாகவே சாப்பிட்டு முடித்தான், பாதி மேசையில். பார்க்க வந்திருந்த நதீஷா கைதட்டினாள். எனக்கு விடியும் வரைக்கும் நித்திரை இல்லை.

கேட்கிறதா, எழும்பிவிட்டான். படியால் இறங்குகிறான். நீங்கள் இருங்கள், அவன் நேரே குசினிக்குத்தான் போவான். கரண்டி வைக்கிற லாச்சியைத் திறக்கிற சத்தம் அது.

"அம்மா, ஒரு கரண்டியையும் காணேல்லை. எங்க வச்சனீங்கள்?"

எல்லாம் அரிசி வாளிக்குப் பின்னால், அந்தத் தடியோடுதான் இருக்கின்றன. அவன் அங்கே தேடமாட்டான். தேநீரைக் குடித்து முடியுங்கள் தம்பி, நான் கையைக் கழுவிவிட்டு வருகிறேன்.

"கரண்டி என்னத்துக்கு ராசா? அம்மா இருக்கிறன்தானே."